குருணைக் கட்டம்

மே 5

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மூச்சிரைப்பு விட்டதா?

வெயில் ஏறிவிட்டது, நானும் பெட்டியை வெளியே எடுத்துவிட்டேன். இது ஐந்தாவது கோடை. போன தடவை வந்தபோது மாப்பிள்ளை, "வெளக்க வெச்சு இழுத்து அதுங்கள கொல்றதுல உங்களுக்கு என்ன சந்தோஷம் மச்சான்?" என்று கேட்டாரே, அவருக்கு விளங்கும்படி இந்தப் பகுதியை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டு. கொல்வதெல்லாம் கிடையாது. நீரேற்று நிலையத்துக்கு ராத்திரி ஷிப்டு வந்ததும், மோட்டார் அறைக்குப் பின்னால் வேலியோரம் பெட்டியை வைத்து, அதன் மேல் இருக்கும் நீலக் குழல் விளக்கைப் போடுவேன். வாரத்தில் ஒரு நாள். அந்துப்பூச்சிகள் வெளிச்சத்துக்கு வரும், புனல் வழியாக உள்ளே விழும், நான் அடுக்கியிருக்கும் முட்டை அட்டைகளின் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். விடிந்ததும் மூடியைத் திறந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்து எண்ணுவேன். தாளில் எழுதிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நிழலில் உதறிவிடுவேன். அவை தூங்கப் போகும், நானும் வீட்டுக்குத் தூங்கப் போவேன்.

தாளில் நான் பெயர் வைத்த பூச்சிக் கட்டங்கள் அதேதான். பருந்து, சாம்பல் சட்டை, ஒற்றைப்பொட்டு, இரட்டைப்பொட்டு, கடைசியில் குருணை. நொய்யரிசி அளவில் இருக்கிற பொடிப் பூச்சிகளுக்கெல்லாம் தனித்தனியாகப் பெயர் எழுத நான் என்ன பேராசிரியரா? பன்னிரண்டு இடங்களில் இந்தக் கணக்கை எடுக்க வைக்கும் நம் பூச்சி டீச்சரே, கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், "குருணைன்னே இருக்கட்டும் சார்" என்று ஒத்துக்கொண்டாயிற்று.

நிலையத்தை ஒட்டிய குளத்துச் சாலையில் பிப்ரவரியில் நகராட்சிக்காரர்கள் வெள்ளை விளக்கு நட்டதை எழுதியிருந்தேன். ராத்திரியைப் பகலாக்கிவிட்டார்கள். பூச்சிகள் எங்கே போகும்? டீச்சரின் அறிக்கை உன் அச்சகத்தில் அச்சாகி, ஆகஸ்டில் நகராட்சிக் கூட்டத்துக்கு வருகிறது. அந்த விளக்குகளைக் கழற்ற வைக்க என் தாள்தான் சாட்சி. முதல் வாரத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். குருணை வெறும் ஏழு!

ஒரு விஷயம். உன் போன கடிதத்தில் மை வெளிறிப் போய்க் கிடந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு மைக்கா பஞ்சம்?

அண்ணி கேட்டதாகச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 14

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். எனக்கு மூச்சிரைப்பு போய்விட்டது. இவருடைய முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, சினிமாவுக்குப் புறப்பட்டால் வலிப்பதில்லை. நீங்களும் அண்ணியும் சுகம் என்று படித்து நிம்மதி.

பூச்சிப் பகுதியை இவரிடம் படித்துக் காட்டினேன். "அப்ப கொல்லலைன்னு சொல்லு, சந்தோஷம்" என்றார்.

உங்கள் தாளை வழக்கம்போலச் சுத்தமாகப் படியெடுத்து டீச்சருக்கு அனுப்பிவிட்டேன். நான் நாள் முழுக்க அடுத்தவர் பிழையைத் தேடிச் சம்பளம் வாங்குகிறவள். பழக்க தோஷம், உங்கள் தாளையும் அதே மாதிரிதான் பார்த்தேன். போன வருஷம் இதே வாரம் குருணைக் கட்டத்தில் நூற்றுப் பதினெட்டு இருக்கிறது. இந்த வருஷம் ஏழு. எங்காவது நூறு விட்டுப்போயிற்றா? ஓர் அட்டையை அடியில் மறந்துவிட்டீர்களா? இன்னொன்று, உங்கள் எண்கள் இப்போதெல்லாம் கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்குக் குடிபோகின்றன. சாம்பல் சட்டை வீட்டில் பருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. எது எது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

அதே பேனா, அதே மைதான். இருந்தாலும் இந்தக் கடிதத்துக்காகப் புதுப் புட்டி திறந்திருக்கிறேன்.

ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றோடு வெயிலில் நின்று எண்ணாதீர்கள். அண்ணியின் பல்வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

தங்கை


மே 23

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அண்ணியின் பல்லைப் பிடுங்கியாயிற்று, பேச்சு மட்டும் குறையவில்லை. நீங்கள் இருவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நூறும் விட்டுப்போகவில்லை, ஆறும் விட்டுப்போகவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணியது. இந்த வாரம் குருணை ஐந்து. டீச்சருக்குப் போன் போட்டேன். "அய்யோ, தொண்ணூத்தஞ்சு சதவீதம் போயிடுச்சே சார்!" என்று அலறிவிட்டார். மற்ற பதினோரு இடத்திலும் இப்படி விழவில்லையாம். மற்ற பதினோரு இடத்திலும் புது விளக்கும் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நகராட்சிப் பொறியாளர் தலையால் தண்ணீர் குடித்தாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய சேதி இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி. ஒற்றைப்பொட்டு, இரட்டைப்பொட்டு தவிர மூன்றாவதாக ஒன்று வருகிறது. அதே அளவு, அதே காவி நிறம், சிறகில் பொட்டே இல்லை. போன வாரம் பதினொன்று, இந்த வாரம் பத்தொன்பது. நாலு கோடையில் ஒருநாளும் வந்ததில்லை. புது விளக்கு பழசை விரட்டிப் புதுசைக் கொண்டுவந்திருக்கிறது போல. தாளில் "பொட்டில்லாதது" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. புதிய இனம் என்று உறுதியானால் உன் அண்ணியின் பெயரை வைக்கச் சொல்லப்போகிறேன். அவளுக்கு நகைதான் வாங்கித் தரவில்லை, ஒரு பூச்சியாவது இருக்கட்டும்.

உன் இந்தக் கடிதமும் மங்கலாகத்தான் இருந்தது. அந்த மைக்காரனை மாற்று.

அண்ணன்

(உறையின் பின்புறம் அண்ணி எழுதியது) உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், அதனால் இங்கே எழுதுகிறேன். போன வருஷம் வரை என் தையல் மெஷினுக்கு ஊசியில் நூல் கோர்த்துத் தருவது உன் அண்ணன்தான். இப்போது கேட்டால் கோபம் வருகிறது. "பூச்சி எண்ற கைய நூல் கோக்கச் சொல்றியா?" என்கிறார். எனக்கு ஒரு பூச்சியும் வேண்டாம்.


ஜூன் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணி உறையின் பின்னால் எழுதியதையும் படித்தேன், அவரிடம் சொல்லுங்கள்.

மை மாற்றிவிட்டேன். அச்சகத்தில் அட்டைப்பெட்டி மேல் முகவரி எழுத வைத்திருக்கும் பட்டை முனைப் பேனா இது. நன்றாக இருக்கிறதா?

புதுப் பூச்சிக்கு வாழ்த்துகள். அண்ணியின் பெயரை வைப்பதற்கு முன் எனக்கு ஒன்றைக் காட்டுங்களேன். உயிரோடு வேண்டாம். பெட்டிக்குள் ஒன்றிரண்டு தானாகவே செத்துக் கிடக்கும் என்று நீங்களே சொல்வீர்களே, அப்படிப் பொட்டில்லாதது ஒன்று கிடைத்தால் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்புங்கள். அதுவரை டீச்சரிடம் சொல்ல வேண்டாம், நானும் படியெடுக்கும்போது அந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறேன்.

அப்புறம், "நலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். அதெல்லாம் செல்லாது. உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை ஒவ்வொன்றாக எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். உங்கள் தாளில் கட்டம் கட்டமாக எழுதுகிறீர்களே, அதே மாதிரி.

தங்கை


ஜூன் 10

அன்புள்ள வாயாடிக்கு,

கேட்டாய், வாங்கிக்கொள்.

தலை: முடி போன இடம் பளபளவென்று ஆரோக்கியமாக இருக்கிறது. காது: ஓடுகிற மோட்டாரில் பேரிங் தேய்வதை வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். மூக்கு: பக்கத்து வீட்டுச் சமையல் வரை போய்வருகிறது. பல்: இருபத்தாறு, எல்லாம் சொந்தம். வயிறு: உன் அண்ணியின் சமையலை முப்பது வருஷமாகத் தாங்குகிறது, இதற்கு மேல் சான்றிதழ் வேண்டுமா? முதுகு: மழை வருவதை முந்தியே சொல்கிறது. முழங்கால்: மாப்பிள்ளை வந்து பார்த்துப் பொறாமைப்படலாம். பாதம்: செருப்பு அளவு ஒன்பது, மாறவில்லை.

போதுமா? அங்கே இரண்டு பேரும் எப்படி? நீயும் கட்டம் போட்டு எழுது.

தீப்பெட்டி இத்துடன் வருகிறது. செவ்வாய்க்கிழமை மூன்றாவது அட்டையில் செத்துக் கிடந்தது. வெளிச்சத்தில் வைத்து, திருப்பித் திருப்பி, பத்து நிமிஷம் பார்த்தேன். ஒரு பொட்டு கிடையாது. சுத்தமான காவி. உன் வாழ்க்கையில் இதுவரை யாரும் பார்க்காத ஒன்றைப் பார்க்கப்போகிறாய்.

குருணை இந்த வாரம் நாலு. எழுத்து இப்போது தெளிவாக இருக்கிறது. நான் சொன்ன பிறகுதான் உனக்குப் புத்தி வருகிறது.

அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம்.

தீப்பெட்டி வந்து சேர்ந்தது. பஞ்சு கலையவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை எண்ணி முடித்ததும் உதறிவிடாமல், அதே அட்டைகளை அண்ணியையும் எண்ணச் சொல்லுங்கள். உங்கள் எண்ணிக்கையை அவரிடம் முதலில் சொல்ல வேண்டாம். அச்சகத்தில் எதையும் ஒரே ஆள் இரண்டு தடவை படிப்பதில்லை, இரண்டாம் தடவை வேறு ஆள்தான் படிப்பார். அது எங்கள் வழக்கம். வேறொன்றும் இல்லை.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கை


ஜூன் 27

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அங்கேதான் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது.

உலகத்தில் யாரும் பார்க்காத பூச்சியை அனுப்பினால், "பஞ்சு கலையவில்லை" என்று பஞ்சைப் பற்றி எழுதுகிறாய். பார்த்தாயா இல்லையா? உனக்கு அது பெரிதாகத் தெரியவில்லையா? ஒரு "அடேயப்பா" கூடவா வரவில்லை?

அப்புறம் உன் அண்ணியை எண்ணச் சொல்கிறாய். அவள் தையல்காரி, பொத்தான் எண்ணட்டும். ஐந்து கோடையாக ஒரு வாரம் விடாமல் எண்ணுகிறவன் நான். காய்ச்சலில் கூட விட்டதில்லை. அச்சக வழக்கத்தை அச்சகத்தோடு வைத்துக்கொள். என் வேலையில் வந்து மூக்கை நுழைக்காதே.

டீச்சர் புதன்கிழமை நேரில் வந்திருந்தார். நீ படியெடுத்து அனுப்பிய தாள்களையெல்லாம் பார்த்துவிட்டு, "கூட்டத்துல நீங்களே பேசணும் சார். நான் பேசினா படிச்சவ பேச்சுன்னு ஒதுக்கிடுவாங்க. நீங்க பேசினா கேப்பாங்க" என்றார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. நல்ல சட்டையாக ஒன்று உன் அண்ணி தைக்கிறாள். பொட்டில்லாததைப் பற்றி அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் இப்போதெல்லாம் கடை போர்டு மாதிரி இருக்கிறது. உறை கனத்துப் போய் வருகிறது என்று தபால்காரர் கேட்கிறார். பரவாயில்லை, இப்படியே எழுது, படிக்கச் சுகமாக இருக்கிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க. கோபம் வரும். வந்தாலும் கடைசி வரை படியுங்கள்.

டீச்சரின் அறிக்கை என் மேசைக்கு வந்துவிட்டது. பதினேழாம் பக்கத்தில் உங்கள் அட்டவணை. "நீரேற்று நிலையம்: சிறு அந்துப்பூச்சிகள் தொண்ணூற்றாறு சதவீதச் சரிவு." கீழே நான் கையெழுத்துப் போட்டால் மெஷினுக்குப் போகும். ஐந்து நாளாகப் போடவில்லை.

தீப்பெட்டியை வந்த அன்றே திறந்தேன், அண்ணா. பூச்சிக்கு இரண்டு பொட்டு இருக்கிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, வெள்ளையாக, சுண்ணாம்பு வைத்த மாதிரி. என் கண்ணில்தான் கோளாறோ என்று இவரிடம் காட்டினேன். "ரெண்டு பொட்டு" என்றார். அச்சகத்துக்கு எடுத்துப் போய், அச்சுக் கோக்கிறவர், பைண்டிங் அம்மா, வாசல் காவலாளி என்று எல்லாரிடமும் காட்டினேன். எல்லாருக்கும் இரண்டு. நீங்கள் வெளிச்சத்தில் வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். எழுதத் தைரியம் வராமல் பஞ்சைப் பற்றி எழுதினேன். அது என் தப்பு.

தலையிலிருந்து பாதம் வரை எழுதச் சொன்னேன். தலைக்கு அடுத்து நேராகக் காதுக்குப் போய்விட்டீர்கள். நடுவில் இரண்டை விட்டுவிட்டீர்கள். பிழை திருத்துகிறவளிடம் அது தப்புமா?

உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எப்போதிலிருந்து என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

குருணை எங்கும் போகவில்லை என்று என் மனசு சொல்கிறது. ஆனால் மனசு சொல்வதை வைத்து அட்டவணையைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. எழுத்துப் பிழை என்றால் யாரையும் கேட்காமல் திருத்துவேன். இது உங்கள் எண், உங்கள் கையெழுத்து. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்படியே அச்சானால் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நீங்கள் எழுந்து நின்று, உண்மை என்று நம்பி, ஒரு பொய்யைச் சொல்லிவிடுவீர்கள். அப்புறம் யாராவது ஒருவர் வேலியோரம் வந்து குனிந்து பார்த்தாலே போதும், டீச்சரின் ஐந்து வருஷ உழைப்பும் சேர்ந்து மண்ணைக் கவ்வும்.

இம்மாதம் இருபத்தெட்டு வரை நிறுத்தி வைக்கிறேன். அண்ணியை ஒரே ஒரு காலை எண்ணச் சொல்லுங்கள்.

தங்கை


ஜூலை 20

அண்ணா,

பதில் இல்லை. நலமா?

பதினேழாம் பக்கம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. முதலாளி தினமும் இரண்டு தடவை வந்து என் மேசையைப் பார்த்துவிட்டுப் போகிறார். திட்டினாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

தங்கை


ஜூலை 24

அன்புள்ள தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் உன் அண்ணி தபாலில் போடாமல் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டாள். "நாலாவது எழுதுங்க, அது சரியா வரும்" என்றாள். இது நாலாவது.

பன்னிரண்டாம் தேதி காலை அவளை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். உன்னை ஜெயிக்கத்தான் கூட்டிப்போனேன், மறைக்கவில்லை. எல்லா அட்டைகளையும் முதலில் நான் எண்ணினேன். குருணை ஒன்பது. சொல்லாமல் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்தேன். அவள் இடுப்பில் செருகியிருந்த குண்டூசித் திண்டை எடுத்தாள். துணியில் பொத்தான்களை எண்ணுகிற மாதிரி, பத்துக்கு ஒரு ஊசி குத்திக்கொண்டே போனாள். ஆறு ஊசி குத்தி முடித்து நிமிர்ந்து, "அறுபத்து நாலுங்க" என்றாள்.

"தூசியெல்லாம் சேத்து எண்றியா?"

"தூசி பறக்குமாங்க?" என்று கேட்டுவிட்டு ஓர் அட்டையை என் முகத்துக்கு நேராகத் தூக்கி லேசாகத் தட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் அட்டை. ஆனால் கன்னத்தில் பட்டது. நெற்றியில் பட்டது, உதட்டில் பட்டது, மூக்கு நுனியில் ஒன்று உட்கார்ந்து நகர்ந்தது. ஒன்றைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. அப்படியே செங்கல் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். "காலைல டீ குடிக்காம வந்துட்டீங்க" என்றாள் உன் அண்ணி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

எப்போதிலிருந்து என்று கேட்டாயே. குளிர்காலத்திலிருந்து. அழுத்த மீட்டரின் முள் முதலில் மங்கியது. மோட்டார் சத்தத்தை வைத்தே அழுத்தத்தைச் சொல்லிவிடுவேன், அதனால் ஒருநாளும் தப்பு வரவில்லை. வரவில்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்ணைக் கிழிப்பார்கள் என்று பயம். பயம் என்று என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை, பத்திரமாக வைத்துக்கொள்.

பதினாறாம் தேதி கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றிவிட்டது. "அரை மணி நேர வேலைங்க, இதுக்கா இத்தன நாள் ஒளிஞ்சீங்க?" என்று சிரிக்கிறார். ஆகஸ்ட் இருபதில் ஒரு கண், ஒரு மாதம் கழித்து இன்னொன்று. நிலைய மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் முடியும் வரை கிடங்கில் பகல் வேலை. ராத்திரிக்காரர் விளக்கை மட்டும் போட்டு வைக்கிறார், காலையில் உன் அண்ணி வந்து எண்ணுகிறாள்.

டீச்சரிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. போனில்தான் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இந்தக் கோடையின் குருணைக் கட்டத்தை முழுக்க அடித்துவிடு. பொட்டில்லாததையும் அடி. நான் எழுதியது பூச்சிக் கணக்கு இல்லை, என் கண்ணின் கணக்கு. காரணத்தையும் அச்சில் போடு. ஒன்பதாம் தேதி கூட்டத்துக்குப் போவேன். அதையும் நானே சொல்வேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று நீங்களே கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டதால் இன்றைக்கு வேறு ஒன்றும் விசாரிக்கவில்லை.

பதினேழாம் பக்கத்தை நீங்கள் சொன்னபடியே அடித்தேன். டீச்சர் நேரில் வந்து என் மேசையிலேயே உட்கார்ந்து அடிக்குறிப்பை எழுதினார். "கணக்கெடுத்தவரின் பார்வைக் குறைவு காரணமாக இக்கோடையின் சிறு அந்துப்பூச்சி எண்ணிக்கை, அவரே கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டது." முகம் வாடித்தான் இருந்தது. எழுதி முடித்து, "நாலு வருஷக் கணக்கு நிக்குதுல்ல, அது போதும்" என்றார். போகும்போது வாசலில் திரும்பி, "இனிமே உங்க அண்ணன் தாள நான் கண்ண மூடிக்கிட்டு நம்புவேன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்து, முதலாளி எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆபரேஷனுக்கு நான் வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறேன். பத்தொன்பதாம் தேதி மாலை வண்டி. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

தங்கை


செப்டம்பர் 14

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நலம், கண் உட்பட. நீ ஊர் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. மாப்பிள்ளை ஒரு வாரம் தானே சமைத்துச் சாப்பிட்டு இளைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். தேறிவிட்டாரா?

நீ இருந்தபோது கண்ணில் கட்டோடு கிடந்தேன், கூட்டத்தைப் பற்றிச் சரியாகச் சொல்லவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எழுந்து, "இந்த வருஷம் குருணை குறைஞ்சுதுன்னு நான் எழுதினது தப்பு, குறைஞ்சது என் பார்வை" என்றேன். கொல்லென்று சிரித்தார்கள். பொறியாளர், "அப்ப வெளக்கால ஒண்ணும் இல்லேங்கறீங்க?" என்றார். "எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது. எனக்குக் கண் வரட்டும், எண்ணிச் சொல்றேன். அதுவரைக்கும் அந்தக் குளத்துச் சாலைல புதுசா ஒரு கம்பம்கூட நடாதீங்க" என்றேன். அடுத்த கோடைக் கணக்கு வரும் வரை புது விளக்கு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். இருக்கிறதைக் கழற்றவில்லை. அதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன்.

நீ போன மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்து நன்றாகப் பார்க்கச் சொன்னார். முதலில் உன் அண்ணியைப் பார்த்தேன். "எப்ப இவ்வளவு நரைச்சுது உனக்கு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதுக் கண்ணை மூடிப் பழைய கண்ணால் பார்த்தால் உலகம் டீயில் ஊறின துணி மாதிரி இருக்கிறது. இதையா இத்தனை நாள் வெளிச்சம் என்று நினைத்தேன்!

திங்கள்கிழமை காலை நானே எண்ணினேன். உன் அண்ணி பக்கத்தில் ஊசியோடு நின்றாள். எனக்கு எழுபத்தொன்று, அவளுக்கு எழுபத்திரண்டு. போன வருஷம் இதே வாரம் நூற்று முப்பது. ஆக, விளக்கு வேலையைக் காட்டத்தான் செய்கிறது. நான் சொன்ன அளவுக்கு இல்லை, பொறியாளர் சொன்ன அளவுக்கும் இல்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், எண்கள் அதனதன் வீட்டில் ஒழுங்காகக் குடியிருக்கின்றன பார். நீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தீப்பெட்டிப் பூச்சியையும் பார்த்தேன். இரண்டு பொட்டு. வெட்கமாகத்தான் இருக்கிறது.

படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, இந்தக் கோடையில் நீ எழுதிய கடிதங்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மையில் ஒரு குறையும் இல்லை. மே மாதக் கடிதத்தில் பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி. ஜூன் ஒன்றாம் தேதி பதினெட்டு. அடுத்ததில் பதினைந்து. ஜூலையில் அந்த நீளக் கடிதத்தில் பதினொன்று, ஆகஸ்டில் எட்டு. நான் எண்ணுகிறவன், எண்ணாமல் இருக்க முடியுமா? மேயிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல், நான் படிக்க வேண்டும் என்று மாதத்துக்கு மாதம் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறாய். நான் மையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உன் அண்ணி வந்து, "தண்ணி வந்தா கண்ணுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்று அதட்டிவிட்டுப் போனாள்.

கை வலித்திருக்கும். இனிமேல் சின்ன எழுத்திலேயே எழுது.

அண்ணன்